பரிசோதனைகள் எல்லாம் சரி என்றால், அந்தப் பீதி எங்கிருந்து வருகிறது?

தேடலன்:

கடந்த ஏழு மாதங்களில் எனக்கு ஐந்து முறை ஒரே மாதிரி நேர்ந்திருக்கிறது. எந்த முகாந்திரமும் இல்லாமல் நெஞ்சு படபடக்கத் தொடங்கும். இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் மூச்சு முட்டும், விரல் நுனிகள் மரத்துப்போகும், கால் தரையில் பாவாதது போல இருக்கும். இத்தோடு உயிர் போய்விடும் என்ற எண்ணம், ஐயத்துக்கே இடமில்லாத உறுதியோடு வந்து நிற்கும். அரை மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். முதல் இரண்டு முறையும் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினேன். இசிஜி, எக்கோ, இரத்தப் பரிசோதனை அனைத்தும் சரியாக இருந்தன. பின்னர் மனநல மருத்துவர் ஒருவர் இதற்குப் பீதிக் கோளாறு என்று பெயர் சொல்லி மருந்து எழுதிக் கொடுத்தார்.

பெயர் கிடைத்ததே தவிர, காரணம் கிடைக்கவில்லை. அவசரப் பிரிவில் "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்றார்கள். மனநல மருத்துவர் "மூளை இரசாயனங்களின் சமநிலை குலைந்திருக்கிறது" என்றார். வீட்டில் "நீயாக நினைத்துக்கொள்கிறாய்" என்கிறார்கள். மூன்றும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியாது. இதன் உயிரியல் காரணங்களைப் பற்றி உறுதியாகத் தெரிந்தது எவ்வளவு, ஊகம் எவ்வளவு என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன். ஆறுதல் வார்த்தைகள் வேண்டாம். அவை போதிய அளவு கிடைத்துவிட்டன.

மூச்சுக்கணக்கு:

நான் உடலியங்கியல் கற்பிப்பவன். மனநல மருத்துவன் அல்லன். எனவே எனக்குத் தெரிந்த முனையிலிருந்து, அதாவது மூச்சிலிருந்து தொடங்குகிறேன்.

உங்கள் விரல்கள் மரத்துப்போனதற்குக் காரணம் மிக எளிது. தேவைக்கு மேல் வேகமாகவோ ஆழமாகவோ மூச்சு விடும்போது இரத்தத்திலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. தமனி இரத்தத்தில் அதன் அழுத்தம் 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருப்பது இயல்பு. அது குறையும்போது இரத்தம் காரத்தன்மை அடைகிறது. கால்சியம் அயனிகள் புரதத்தோடு கூடுதலாகப் பிணைந்துவிடுவதால் நரம்புகள் தாமாகவே துடிக்கத் தொடங்குகின்றன. மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. மரத்துப்போதல், தலைச்சுற்றல், சுற்றியிருப்பவை உண்மையல்ல என்பது போன்ற உணர்வு ஆகியவை இதன் விளைவுகள். "ஒன்றுமில்லை" என்று உங்களிடம் சொன்னவர்கள் "ஆபத்தானது ஒன்றுமில்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த அரை மணி நேரத்தில் உங்கள் உடலில் நடப்பவை அளந்து காட்டக்கூடிய மாற்றங்கள்.

ஆனால் இது பீதித் தாக்குதலின் இயக்கத்தைத்தான் விளக்குகிறது, தொடக்கத்தை அல்ல. தொடக்கத்தைத் தேடிய ஆய்வுகளில் மறக்கக்கூடாத ஒன்று 1967இல் வெளிவந்தது. பிட்ஸ், மெக்ளூர் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், அன்று 'பதற்ற நரம்புத்தளர்ச்சி' எனப்பட்ட நோயுள்ள 14 பேருக்கும் நோயற்ற 10 பேருக்கும் சோடியம் லாக்டேட் கரைசலைச் சிரை வழியாகச் செலுத்தினார்கள். கடும் உழைப்பின்போது தசைகளில் உண்டாகும் அதே லாக்டேட்தான். நோயாளிகளில் 13 பேருக்குப் பீதி எழுந்தது. மற்றவர்களில் இருவருக்கு மட்டுமே எழுந்தது. உடலுக்குப் புதியதல்லாத ஒரு பொருள், ஒரு சாராரிடம் மட்டும் மரண பயத்தைக் கிளப்பியது. பீதிக்கு உடலில் ஒரு வாசல் இருக்கிறது என்பதை ஆய்வுக்கூடத்திற்குள் கொண்டுவந்த முதல் பெரிய சான்று அதுதான் என்பது என் கருத்து.

பின்னர் கரியமில வாயுவைக் கொண்டும் இதையே செய்து பார்த்தார்கள். 35 சதவீதக் கரியமில வாயு கலந்த காற்றை ஒரே ஒரு முறை ஆழமாக இழுத்தாலே பீதிக் கோளாறு உள்ளவர்களில் பெரும்பாலோருக்குத் தாக்குதல் வருகிறது. மற்றவர்களுக்கு ஓரிரு நிமிட அசௌகரியத்தோடு முடிந்துவிடுகிறது.

ஐயவாதி:

மூச்சுக்கணக்கு ஐயா எழுதியதில் பிழை இல்லை. ஆனால் அதிலிருந்து எடுத்த முடிவை ஏற்க இயலவில்லை. லாக்டேட் நெஞ்சைப் படபடக்க வைக்கிறது, கரியமில வாயு மூச்சுத் திணற வைக்கிறது. இந்த உணர்வுகளைக் கண்டு ஏற்கெனவே அஞ்சிக்கொண்டிருப்பவர் மேலும் அஞ்சுவதில் வியப்பு என்ன? டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் 1986இல் முன்வைத்த கோட்பாடு இதையே சொல்கிறது. படபடப்பை 'மாரடைப்பு' என்று மனம் பொருள் கொள்கிறது. அந்தப் பொருள்கோள் அச்சத்தைக் கூட்டுகிறது. அச்சம் படபடப்பை மேலும் கூட்டுகிறது. சுழல் முழுமை பெறுகிறது. லாக்டேட், கரியமில வாயு, காஃபீன், யோஹிம்பைன் என்ற தாவரப் பொருள், கோலிசிஸ்டோகினின் என்ற ஹார்மோனின் துணுக்கு என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாத எத்தனையோ பொருள்கள் பீதியைத் தூண்டுகின்றன. இவை அனைத்துக்கும் பொதுவான இரசாயனக் கோளாறு ஒன்றும் இல்லை. பொதுவாக இருப்பது ஒன்றே: எல்லாமே அச்சமூட்டும் உடலுணர்வுகளை உண்டாக்குகின்றன.

'மூளை இரசாயனச் சமநிலை' என்ற சொற்றொடரைப் பற்றியும் ஒரு வார்த்தை. எந்த இரசாயனம், எந்த அளவில், எந்தப் பரிசோதனையில் என்று கேட்டால் விடை கிடைக்காது. பீதிக் கோளாற்றை உறுதி செய்யும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்றுவரை இல்லை.

மூச்சுக்கணக்கு:

நல்ல மறுப்பு. இரண்டாவது பத்தியை முழுமையாக ஏற்கிறேன். முதல் பத்திக்கு மூன்று தடைகள் உள்ளன.

முதலாவது, கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன். ஒருவர் உண்மையாகவே அஞ்சும்போது மூளையின் அடித்தளத்திலிருந்து சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி வரை ஒரு சங்கிலி விழித்துக்கொண்டு கார்டிசாலைப் பெருக்க வேண்டும். லாக்டேட் தூண்டிய தாக்குதல்களில் அந்தப் பெருக்கம் காணப்படவில்லை. பீதி என்பது வெறும் பெரிய அச்சம் என்றால் இது எப்படி? இந்த முரணைத்தான் டொனால்ட் கிளைன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1993இல் வெளியிட்ட 'பொய்யான மூச்சுத்திணறல் எச்சரிக்கை' என்ற கருதுகோளில் முக்கியமாக எடுத்துக்காட்டினார். காற்று கிடைக்கவில்லை என்று அறிவிக்கும் ஓர் எச்சரிக்கை மணி மூளையில் உள்ளது. சிலருக்கு அது மிகக் குறைந்த தூண்டுதலுக்கே அடித்துவிடுகிறது. அவர்கள் பெருமூச்சு விட்டுக்கொண்டே இருப்பது கரியமில வாயுவை மணி அடிக்கும் எல்லைக்குக் கீழே வைத்திருக்கும் முயற்சி என்பது அவர் வாதம்.

இரண்டாவது, எஸ்.எம். என்ற எழுத்துகளால் நரம்பியல் நூல்களில் குறிக்கப்படும் பெண்மணி. அரிய மரபுநோய் ஒன்றினால் அவருடைய மூளையின் இரு பக்கத்து அமிக்டலாக்களும் அழிந்துவிட்டன. பாம்பையும் சிலந்தியையும் கையில் எடுக்க ஆர்வத்தோடு முன்வந்தவர்; அச்சமூட்டும் திரைக்காட்சிகளைச் சலனமின்றிப் பார்த்தவர். அச்சத்தின் இருப்பிடமாகக் கருதப்பட்ட உறுப்பே இல்லாத அவரையும், அதே பாதிப்புள்ள இரட்டையர் இருவரையும் 35 சதவீதக் கரியமில வாயுவை இழுக்கச் செய்த ஆய்வு 2013இல் வெளியானது. மூவருக்கும் பீதி வந்தது. அமிக்டலா நலமாக உள்ள 12 பேரில் மூவருக்கு மட்டுமே வந்தது. அஞ்சவே தெரியாத ஒருவர் உடலுணர்வைத் தவறாகப் பொருள்கொண்டு அஞ்சினார் என்று சொல்வது கடினம். அதே வேளை, முதல் முறையில் பீதியடைந்த அவர்கள் அடுத்த முறை முகமூடி அணிவதற்கு முன்பு மற்றவர்களைப் போல எதிர்பார்ப்புப் பதற்றம் எதையும் காட்டவில்லை. பீதி வேறு, 'பீதி வந்துவிடுமோ' என்ற பதற்றம் வேறு என்பதை இதைவிடத் தெளிவாகப் பிரித்துக் காட்டிய சோதனையை நான் அறியேன்.

மூன்றாவது, 2011இல் வெளியான ஓர் ஆய்வு. 43 நோயாளிகள் இதயத் துடிப்பு, மூச்சு, கரியமில வாயு ஆகியவற்றை அளக்கும் கருவிகளை உடலில் பொருத்திக்கொண்டு அன்றாட வேலைகளைச் செய்தார்கள். மொத்தம் 1,960 மணி நேரப் பதிவில் 13 தாக்குதல்கள் பிடிபட்டன. 'திடீரென்று வந்தது' என்று நோயாளிகள் கருதிய தாக்குதல்களுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பிருந்தே உடலில் நிலையின்மை அலை அலையாக எழுந்திருந்தது. கடைசி நிமிடங்களில் மூச்சின் கொள்ளளவு குறைந்து கரியமில வாயு கூடியது. அதன் பிறகுதான் பீதி தொடங்கியது. தேடலன், உங்கள் 'முகாந்திரமும் இல்லாமல்' என்ற சொற்களைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது இதுதான்.

நீலப்புள்ளி:

மனநல மருத்துவப் பயிற்சியில் இருக்கிறேன். மூச்சோடு மட்டும் கதை முடிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

என் புனைபெயருக்குக் காரணமான லோகஸ் செருலியஸ், மூளைத்தண்டிலுள்ள நீலநிறச் சிறு நரம்புத் திரள். மூளையை விழிப்பூட்டும் நோர்அட்ரினலின் என்ற இரசாயனத்தில் பெரும்பகுதி இங்கிருந்தே செல்கிறது. குரங்குகளில் இதை மின்சாரத்தால் தூண்டியபோது அவை அச்சமுற்றவை போல நடந்துகொண்டன. இதன் கடிவாளமாக உள்ள ஆல்ஃபா-2 ஏற்பிகளை (இரசாயனச் செய்திகளைப் பெறும் புரதங்களை) அடைத்துவிடும் யோஹிம்பைன், பீதிக் கோளாறு உள்ளவர்களிடம் தாக்குதலைத் தூண்டுகிறது. ஐயவாதி இதை 'தொடர்பில்லாத பொருள்கள்' பட்டியலில் சேர்த்துவிட்டார். ஆனால் அப்பட்டியலிலுள்ள பலவும் மூளைத்தண்டு, ஹைபோதலாமஸ், அமிக்டலா என்ற ஒரே வலைப்பின்னலில் வெவ்வேறு இடங்களைத் தொடுகின்றன. காஃபீன் அடினோசின் ஏற்பிகளை அடைக்கிறது. கோலிசிஸ்டோகினின் துணுக்கு தன் ஏற்பிகள் வழியாக அதே பாதைக்கு வருகிறது. அமிக்டலா தானே அமிலத்தை உணர வல்லது என்பதும் எலிகளில் 2009இல் காட்டப்பட்டது. அந்த அமில உணரிப் புரதம் இல்லாத எலிகள் கரியமில வாயுவை உணர்ந்து அச்சத்தில் உறைந்து நிற்கவில்லை. இதையும் எஸ்.எம். ஆய்வையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உணரிகள் ஒன்றுக்கு மேற்பட்டவை என்றே தோன்றுகிறது.

நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற இரசாயனம் பற்றிய நிலவரம்: 2004இல் வெளியான பெட் ஸ்கேன் ஆய்வில், பீதிக் கோளாறு உள்ளவர்களுடைய மூளையின் சில பகுதிகளில் 5-எச்டி1ஏ என்ற செரட்டோனின் ஏற்பி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. காபா என்ற தணிப்பு இரசாயனத்தோடு இணைந்த பென்சோடயசெபைன் ஏற்பிகளும் குறைவாக இருந்ததாக வேறொரு ஆய்வு காட்டியது. இவை குழுக்களின் சராசரி வேறுபாடுகள். ஒரு தனி மனிதரின் ஸ்கேனைப் பார்த்து இவருக்குப் பீதிக் கோளாறு உண்டு என்று எவரும் சொல்ல முடியாது. 'சமநிலை குலைந்தது' என்ற சொற்றொடர் நோயாளியின் குற்றவுணர்வைக் குறைப்பதற்காக மருத்துவர்கள் கையாளும் சுருக்கம். நானும் அதைச் சொல்லியிருக்கிறேன்; இப்போது தவிர்க்கிறேன்.

வரலாற்றிலிருந்து ஒன்று. 1960களின் தொடக்கத்தில் இமிப்ரமீன் என்ற மனச்சோர்வு மருந்தைக் கிளைன் பரிசோதித்தபோது, நோயாளிகள் தங்களுக்குக் குணமே இல்லை என்றுதான் சொன்னார்கள். ஆனால் 'சாகப்போகிறேன்' என்று செவிலியர் அறைக்கு ஓடிவருவது நின்றுவிட்டதை வார்டில் இருந்தவர்கள் கவனித்தார்கள். தாக்குதல் நின்றது, அது குறித்த பதற்றம் நிற்கவில்லை. பீதிக் கோளாறு 1980இல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் தனி நோயாக இடம்பெற்றதற்கு அந்தக் கவனிப்பும் ஒரு வேர்.

இரவுவிழி:

பதினோரு ஆண்டுகளாக இந்தக் கோளாறோடு வாழ்பவள் என்ற தகுதியில் இரண்டு கேள்விகள் கேட்கிறேன்.

என் தாக்குதல்களில் பாதிக்கு மேல் உறக்கத்தில் வருகின்றன. கனவு எதுவும் இருப்பதில்லை. கண் விழிக்கும்போதே நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும். தவறாகப் பொருள்கொள்வதற்கு முதலில் விழித்திருக்க வேண்டாமா? அடுத்து, என் தாய்க்கும் இது இருந்தது. அந்தக் காலத்தில் அதற்கு இந்தப் பெயர் இல்லை. எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்கும் வருமா?

நீலப்புள்ளி:

இரவுவிழி அம்மா, உறக்கப் பீதி பெரும்பாலும் கனவு மிகுந்த உறக்கத்தில் வருவதில்லை. கனவற்ற உறக்கத்தின் இரண்டாம் நிலையிலிருந்து ஆழ்நிலைக்கு நழுவும் வேளையில் வருகிறது. உறங்கும்போது கரியமில வாயு இயல்பாகவே சற்றுக் கூடும் என்பதால் கிளைனின் தரப்பு இதைத் தமக்குச் சாதகமாகக் கொண்டது. எதிர்த் தரப்பின் விடையையும் சொல்லிவிடுகிறேன்: உறக்கத்திலும் மூளை தனக்கு முக்கியமான குறிகளைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறது, இடியோசைக்கு எழாத தாய் குழந்தையின் முனகலுக்கு எழுகிறாள் அல்லவா?

மரபைப் பொறுத்தவரை, பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகிய நெருங்கிய உறவில் ஒருவருக்கு இக்கோளாறு இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று 2001இல் வெளியான தொகுப்பாய்வு கணக்கிட்டது. இரட்டையர் ஆய்வுகளின்படி மரபின் பங்கு 43 சதவீதம். ஐந்து மடங்கு என்ற சொல் அச்சுறுத்தலாம். ஆனால் பல நாடுகளில் நடந்த உலக மனநலக் கணக்கெடுப்பில் வாழ்நாளில் ஒருமுறையேனும் இக்கோளாறு உடையோர் 1.7 சதவீதம், ஐந்தால் பெருக்கினாலும் உங்கள் மகளுக்கு வராமலிருக்கும் வாய்ப்பே மிக அதிகம். பெண்களுக்கு ஆண்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு வருகிறது என்பதைச் சேர்த்தாலும் அந்த முடிவு மாறாது.

'பீதி மரபணு' என்று ஒன்றைத் தேடாதீர்கள். 2001இல் 15ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி இரட்டிப்பதே காரணம் என்ற அறிவிப்பு பெரும் பரபரப்பை உண்டாக்கியது. பிற ஆய்வகங்கள் தேடியபோது அந்த இரட்டிப்பே கிடைக்கவில்லை. சிறுசிறு பங்களிப்புச் செய்யும் பல மரபணுக்கள் உள்ளன என்பதே இன்றைய புரிதல்.

ஐயவாதி:

எஸ்.எம். ஆய்வுக்கு என்னிடம் நல்ல விடை இல்லை; ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது நோயற்றவரிடமும் வாயு தூண்டக்கூடிய பீதியை விளக்குகிறதே தவிர, நோயை விளக்கவில்லை. அதே கணக்கெடுப்பில் பீதித் தாக்குதலை ஒருமுறையேனும் கண்டவர்கள் 13.2 சதவீதம், கோளாறு வந்தவர்கள் 1.7 சதவீதம். மணி பலருக்கும் அடிக்கிறது. சிலர் மட்டுமே அதன் பிறகு மணியோசைக்காகவே காதைத் தீட்டிக்கொண்டு வாழத் தொடங்குகிறார்கள். அந்த இரண்டாம் கட்டம் கற்றல்.

இன்னொன்றும் உண்டு. மருந்தே இல்லாமல் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை மட்டும் பெற்றுக் குணமானவர்கள், கரியமில வாயுச் சோதனையில் முன்பு போலப் பீதியடைவதில்லை. பேச்சும் பயிற்சியும் அந்த வாசலை மூடுகின்றன என்றால், அதை உயிரியல் வாசல் என்று எந்த உரிமையில் அழைக்கிறோம்?

மூச்சுக்கணக்கு:

கற்றல் மட்டும் எங்கே நடக்கிறது ஐயா? நீங்கள் சொன்ன இரண்டாம் கட்டத்தில் அமிக்டலாவும் நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸும் நெற்றி மூளைப் புறணியும் வேலை செய்கின்றன. எஸ்.எம். போன்றவர்களிடம் எதிர்பார்ப்புப் பதற்றம் உருவாகாததே அதற்குச் சான்று. பயிற்சியால் தசை வளர்கிறது என்பதற்காகத் தசை உயிரியல் பொருளல்ல என்று நாம் சொல்வதில்லை. என் கணிப்பு இது: மூளைத்தண்டின் மணி எளிதில் அடிக்கும் தன்மை ஓரளவு பிறவியில் வருகிறது, அது அடித்தபின் அதையே நோக்கிக் கூர்மையாகும் தன்மை பிறகு உருவாகிறது, மருந்தும் பயிற்சியும் இந்த இரண்டு மட்டங்களிலும் வெவ்வேறு அளவில் வேலை செய்கின்றன. 13.2க்கும் 1.7க்கும் இடையிலான தூரத்தை நீங்கள் சுட்டியது சரியே. அதை மூச்சைக் கொண்டு மட்டும் என்னால் விளக்க இயலாது.

தேடலன்:

எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கிடைத்திருக்கிறது. இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. 'பரிசோதனைகள் எல்லாம் சரி' என்று எழுதியிருந்தேன்; பழைய அறிக்கைகளை எடுத்துப் பார்த்தால் தைராய்டு அவற்றில் இல்லை. அது தேவையா? அடுத்தது, எழுதிக் கொடுத்த மருந்து எஸ்எஸ்ஆர்ஐ வகை. முதல் மூன்று நாட்களில் படபடப்பு கூடியதால் நான்காம் நாளே நிறுத்திவிட்டேன். செரட்டோனினைக் கூட்டும் மருந்து பீதியைக் கூட்டினால், செரட்டோனின் குறைவுதான் காரணம் என்பது பொய்யாகிவிடாதா?

நீலப்புள்ளி:

தைராய்டு கட்டாயம் தேவை. அதன் மிகைச் சுரப்பு பீதிக் கோளாற்றை அப்படியே நடிக்கும். இடைவிட்டு வரும் இதயத் துடிப்புக் கோளாறுகள் தாக்குதல் இல்லாத நேரத்தில் எடுக்கும் இசிஜியில் தெரியாமல் போகலாம். துடிப்பு சுவிட்சைத் தட்டியது போலச் சட்டென்று தொடங்கிச் சட்டென்று நின்றால் 24 மணி நேரப் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள். அட்ரினல் சுரப்பியில் தோன்றும் ஃபியோக்ரோமோசைட்டோமா என்ற கட்டி மிக அரிது. தாக்குதலின்போது கடும் தலைவலியும் மிக உயர்ந்த இரத்த அழுத்தமும் இருந்தால் மட்டுமே அதைத் தேட வேண்டும். காஃபீனையும் கணக்கில் கொள்ளுங்கள். ஆய்வுகளில் 400 மில்லிகிராமுக்கு மேல் கொடுத்தபோது பீதிக் கோளாறு உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தாக்குதல் வந்தது.

மருந்து பற்றி: செரட்டோனின் 'குறைவு' என்று நான் சொல்லவில்லை, ஏற்பிகளில் வேறுபாடு என்றுதான் சொன்னேன். இம்மருந்துகள் நரம்பிணைப்பில் செரட்டோனினைச் சில மணி நேரங்களிலேயே கூட்டிவிடுகின்றன. ஆனால் ஏற்பிகள் அதற்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்ள வாரங்கள் ஆகின்றன. இடைப்பட்ட நாட்களில் பதற்றம் கூடுவது நன்கு அறியப்பட்டது. பீதிக் கோளாறு உள்ளவர்கள் அதை மற்றவர்களைவிடக் கூர்மையாக உணர்வதால்தான் வழக்கமான அளவில் பாதியிலோ அதற்கும் குறைவாகவோ தொடங்குகிறோம். நீங்களாக நிறுத்தியதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நீங்களாகவே மீண்டும் தொடங்கவும் வேண்டாம்.

தேடலன்:

எனக்கு முழு அளவிலேயே தொடங்கியிருக்கிறார்கள் என்று மருந்துச்சீட்டைப் பார்த்தபோது தெரிகிறது. நாளைக் காலை மருத்துவரை அழைத்து, நிறுத்தியதைச் சொல்லி, குறைந்த அளவில் தொடங்கலாமா என்று கேட்கிறேன். தைராய்டுக்கும் எழுதித் தரச் சொல்கிறேன். முடிவு வந்ததும் இங்கே எழுதுகிறேன்.